பீரோவில் பொங்கிய இட்லி மாவு

உளுந்தைப் போல் அடக்கமில்லாத பயறு வேறொன்று இல்லை. ஊறவைத்தால் பருக்கும், அரைத்தால் எழும்பும், சிறிது நேரம் கவனிக்காமல் விட்டால் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி உலகத்தைப் பார்க்க வந்துவிடும். நாற்பத்தாறு வயதில் எனக்கும் ஏறத்தாழ இதே குணங்கள் இருந்தன என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. (கொஞ்சம் இருக்கிறது.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் காலனி நலச் சங்கத்துக்கு நான் தலைவர். கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். அந்த ஆண்டுதான் எங்கள் தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சி, அரைத்த இட்லி மாவைப் பாலிதீன் பையில் கட்டி விற்கத் தொடங்கியிருந்தார். வேலைக்குப் போகும் பெண்கள் மாலையில் ரயிலை விட்டு இறங்கியதும் ஆளுக்கொரு பாக்கெட் வாங்கிச் செல்வதைக் கண்டு, சமுதாயம் சரிந்துகொண்டிருப்பதாக நான் முடிவு செய்தேன். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அதைப் பற்றியே இருபது நிமிடம் பேசினேன். கைப்பக்குவம், குடும்பப் பாசம், கரியமில வாயு என எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, முத்தாய்ப்பாக இப்படி முழங்கினேன்:

"என் வீட்டு அடுப்படிக்குள் பாக்கெட் மாவு என்றைக்கு நுழைகிறதோ, அன்றைக்கே இந்தத் தலைவர் பதவியைத் துறப்பேன்!"

கைத்தட்டல் எழுந்தது. செயலாளர் வரதராஜன் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மூன்றாவது வரிசையில் எங்கள் மகள் சுதாவோடு அமர்ந்திருந்த என் மனைவி கமலா மட்டும் கைதட்டவில்லை. அவள் வங்கியில் எழுத்தர். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து, மூன்று மணிக்கு வீடு வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு உளுந்தைக் கழுவுகிறவள். பதினெட்டு ஆண்டுகளாக அந்த வீட்டில் மாவு அரைத்தவள் அவள்தான் என்ற சிறு தகவலை என் உரையில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

வீடு திரும்பும் வழியில் அவள் அமைதியாகச் சொன்னாள்: "நல்லா பேசினீங்க. வர்ற சனிக்கிழமை நீங்களே அரைச்சிடுங்க. நான் லீவு போட்டுட்டு சுதாவைக் கூட்டிக்கிட்டு கோவிலம்பாக்கம் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

"அதற்கென்ன, அரைத்தால் போயிற்று."

"ஞாயித்துக்கிழமை காலைல இட்லிக்கு வரச்சொல்லி செயலாளரையும் அவர் வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டிருக்கேன். தலைவர் கையால அரைச்ச மாவுன்னு சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்."

சனிக்கிழமை காலை கிளம்பும்போது, கேட்டைச் சாத்தியபடியே அவள் ஒரு குறிப்புக் கொடுத்தாள்: "நாலுக்கு ஒண்ணுங்க. மறந்துடாதீங்க."

எது நான்கு, எது ஒன்று என்று கேட்டிருக்கலாம். முதுகலையில் முதல் வகுப்பில் தேறிய ஒருவன் அதைக் கேட்பதா? தர்க்கத்தால் கண்டுபிடித்தேன். அரிசியைவிட உளுந்து விலை கூடியது. விலை கூடியதால் உயர்ந்தது. உயர்ந்ததே மிகுதியாக இருக்க வேண்டும். நான்கு டம்ளர் உளுந்து, ஒரு டம்ளர் அரிசி. இன்று நினைத்தாலும் அந்தத் தர்க்கத்தில் பிழை காண முடியவில்லை. மாவில்தான் பிழை.

மதியம், ஊறிய நான்கு டம்ளர் உளுந்தையும் கிரைண்டரில் மொத்தமாகக் கொட்டி, தண்ணீர் தெளித்தேன். கால் மணி நேரம் எல்லாம் சுமுகம். பிறகு அது எழுந்தது. வெண்ணிறமாக, பட்டுப்போல, தன்னம்பிக்கையோடு எழுந்து குழவிகளை மூடியது; டிரம்மின் விளிம்பைத் தாண்டியது. கரண்டியால் அதை உள்ளே தள்ள முயன்றேன். கரண்டி குழவியில் சிக்கியது. அடுத்த நொடியில் மாதக் காலண்டர், மாவு டின், என் மூக்குக்கண்ணாடி ஆகிய மூன்றும் ஒரே நிறமாயின. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. (சொந்த வீடு. சொந்தக் கிரைண்டர்.) தடவிக் கண்டுபிடித்து அணைப்பதற்குள் மாவில் பாதி தரைக்கு வந்துவிட்டது. அத்தனையையும் வாளியில் வழித்துக் கொல்லைப்புறத் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டு, அடுப்படியை இரண்டு முறை கழுவினேன்.

பதவி போய்விடும் என்ற பயம் ஒருபுறம். அதைவிட, கமலாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம் மறுபுறம். அண்ணாச்சி கடைக்குப் போக முடியாது. என் உரையைக் கேட்டு, குறும்புச் சிரிப்போடு முதல் ஆளாகக் கைதட்டியவரே அவர்தான். பஸ் ஏறிக் குரோம்பேட்டைக்குப் போனேன். சந்தையை ஒட்டிய ஒரு சிறு கடையில் ஒரு பெண்மணி மாவு விற்றுக்கொண்டிருந்தார். நான்கு பை வாங்கினேன். வழியில் சிந்திவிடக் கூடாதே என்று, அவர் தளர்வாகக் கட்டியிருந்த வாய்களை அவிழ்த்து, சணல் கயிற்றால் இரட்டை முடிச்சுப் போட்டேன்.

"இன்னா சார், வாய இப்டி இறுக்கிக் கட்ற? மாவு மூச்சு வுடணும். பொங்கிகினு வந்துடும்."

"அம்மா, நான் இருபது வருஷமா காலேஜ்ல நொதித்தல் பாடம் நடத்தறவன்."

"பாடம் வேற, மாவு வேற சார். வூட்டுக்குப் போன ஒடனே அவுத்து வுட்டுடு."

வீட்டுக்கு வந்து, பெரிய பாத்திரத்தை எடுத்து வைத்த நேரத்தில் வாசலில் கேட் சத்தம். கமலா! நான்கு பைகளோடும் என் படிப்பறைக்கு ஓடினேன். அந்த வீட்டில் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொள்ளும் ஒரே பொருள் இரும்பு பீரோ. மேல்தட்டில், சான்றிதழ்கள் இருந்த கோப்பின் மீது மாவைக் கிடத்திப் பூட்டினேன். காலிப் பாத்திரத்தைத் தட்டால் மூடி, துண்டால் கட்டி, 'திறவாதீர். வெப்பநிலை மாறும்' என்று ஒரு சீட்டும் எழுதிச் செருகினேன். விடியுமுன் எழுந்து மாவை இடம் மாற்றிவிடுவது என் திட்டம்.

அது சித்திரை மாதம். வெக்கை தாங்காமல் கமலாவும் சுதாவும் அடுப்படி வாசலிலேயே பாய் விரித்தார்கள். நானோ, கரண்டியோடு போராடிய களைப்பில், விடியுமுன் எழவில்லை. கண்விழித்தபோது முகத்தில் வெயில். காதில் செயலாளரின் குரல்.

"தலைவர் அரைச்ச மாவுன்னதும் ராத்திரியே பசிக்க ஆரம்பிச்சிடுச்சும்மா."

"இட்லிப் பானையில தண்ணி கொதிச்சுக்கிட்டே இருக்குங்க. பாத்திரத்தைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. அவரே வந்து திறக்கட்டும்," என்றாள் கமலா.

அவர்களுக்கு ஒரு கம்பீரமான வணக்கம் வைத்துவிட்டு, படிப்பறையை நோக்கி நகர்ந்தேன். அதற்குள் பேனா எடுக்க அங்கே போயிருந்த சுதா அலறினாள்:

"அம்மா! அப்பா பீரோ வாயில நுரை தள்ளுது!"

எல்லோரும் ஓடினார்கள். பீரோவின் இரு கதவுகளுக்கும் நடுவே, மேலிருந்து கீழாக, வெள்ளைக் கோடொன்று நிதானமாக இறங்கி, தரையில் சிறு குளமாகி, செயலாளரின் கால் விரலை எட்டிக்கொண்டிருந்தது. அறை முழுவதும் புளித்த வாசனை. கமலா கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன்.

கதவு திறந்ததும், முழுதாக இருந்த கடைசிப் பை, எல்லோருக்கும் தெரியும்படி உருண்டு வந்து, சணல் முடிச்சோடு தரையில் விழுந்து வெடித்தது.

அதுவரை பேசியே வாழ்ந்தவன் நான். அந்த நேரத்தில் என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: "நான் ராஜினாமா எழுதித் தருகிறேன்."

செயலாளர் வரதராஜன் ரயில்வேயில் முப்பது ஆண்டுகள் விதிகளைப் படித்தவர். காலை உதறிக்கொண்டு சொன்னார்: "அவசரப்படாதீங்க சார். 'அடுப்படிக்குள் நுழைந்தால்'னுதான் பேசினீங்க. மினிட்ஸ்ல நானே எழுதியிருக்கேன். இது அடுப்படி இல்லையே, பீரோதானே. பதவிக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து வந்த சத்தம் இருமல் அல்ல.

"பாத்திரம் காலின்னு உனக்குத் தெரியுமா?" என்று கமலாவைக் கேட்டேன்.

"நேத்து உள்ள நுழையும்போதே தெரியுங்க. காலண்டர்ல இருபதாம் தேதி மேல உளுந்து இருந்துச்சு. தென்னை மரத்தடியில அத்தனை காக்கா. மிச்சத்தை நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன்."

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால் அன்று காலை எட்டு மணிக்கு, காலனியே பால் வாங்க நின்ற வேளையில், அண்ணாச்சி கடை முன் நின்று, "இரண்டு பாக்கெட் இட்லி மாவு" என்று நான் கேட்க வேண்டியதாயிற்று. கடை முன் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சிக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும், "எதுன்னு சொன்னீய சார்?" என்று இரண்டாம் முறை சொல்ல வைத்தார். பாக்கெட் அன்று அடுப்படிக்குள் முறைப்படி நுழைந்தது. ராஜினாமாவும் முறைப்படி போனது. செயலாளர் ஏழு இட்லி சாப்பிட்டுவிட்டு அதைப் பெற்றுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்குக் கமலா வீடு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். அடுப்படிப் பக்கம் போகாமல் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியில் கால்களை நீட்டி, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறொன்றும் செய்யவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு ஆண்டுகளில், பகலில் அவள் கால் நீட்டி உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். பையை எடுத்துக்கொண்டு, கேட்பதற்கு முன்பே அண்ணாச்சி கடைக்கு நடந்தேன். மாவு வாங்குவது இன்றுவரை என் பொறுப்பு. வாயைத் தளர்வாகவே கட்டி எடுத்து வருகிறேன்.

கோப்பில் இருந்த மற்ற தாள்களைக் கழுவிக் காயவைத்து மீட்டுவிட்டோம். என் முதுகலைச் சான்றிதழை மட்டும் முழுமையாக மீட்க முடியவில்லை. பல்கலைக்கழக முத்திரை இருந்த இடத்தில் மாவு வட்டமாக உறைந்து, உப்பி, பழுப்பேறி நின்றுவிட்டது. சுதா அதற்குச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினாள். என் பழைய மாணவர்கள் வந்தால் பயபக்தியோடு அதன் அருகே போய் நிற்பார்கள், பிறகு தயங்கித் தயங்கி, "அந்த வட்டம் என்ன சார்?" என்று கேட்பார்கள். நான் விளக்கத் தொடங்குமுன், அடுப்படியிலிருந்து கமலாவின் குரல் வந்துவிடும்:

"அதுவா? சார் கையால ஊத்தின ஒரே இட்லி."