துரை பேச்சால் முறிந்த சம்பந்தம்

அன்பு மச்சான் பத்துமலைக்கு,

சிலிபினிலிருந்து உன் அக்காள் புருஷன் உடையப்பன் எழுதுவது. கிள்ளானில் நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எனக்குத்தான் சுகமில்லை. காரணம் நீ. நீ தேடிக் கொண்டுவந்த லகாட் ஊர்ச் சம்பந்தத்தை முறித்துவிட்டேன். அதை அவர்களிடம் நீயே போய் முறைப்படி சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததைக் கேட்டுவிட்டு நீயே நியாயம் சொல். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மகள் தினேஸ்வரியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை விக்னேஸ்வரன் இங்கிலாந்தில் படித்தவர் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, நம்மைத் தோட்டத்து ஆட்கள் என்று இளக்காரமாக எண்ணிவிடக் கூடாதே என்று, பீடோர் தோட்டத்து ஆபீசில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது வெள்ளைக்காரத் துரை வாயிலிருந்து பொறுக்கிவைத்த பழைய இங்கிலீஷை எல்லாம் தூசி தட்டி எடுத்தேன். காலையிலிருந்து கண்ணாடி முன்னால் ஒத்திகை. "ஜாலி குட்" என்றால் பேஷ். "பை ஜோவ்" என்றால் அடேயப்பா. "பால்டர்டாஷ்" என்றால் சுத்தப் புளுகு. வழியனுப்பும்போது "சியரியோ" சொல்லு என்று உன் அக்காவுக்கும் பாடம் எடுத்தேன். "வந்தவங்கள வாங்கன்னு கூப்பிட்டாப் போதாதா? வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க லா," என்றாள் நவமணி. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா தேவன் செருப்பைக் கழற்றும்போதே "வாட் ஹோ!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துரைமார்கள் கிளப்பில் ஒருவரை ஒருவர் கண்டால் சொல்கிற பேச்சு அது. விசாரித்தால், அவரும் அந்தக் காலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாம்! அவ்வளவுதான். அவர் ஒன்று எடுத்துவிட, நான் ஒன்று எடுத்துவிட, பெண் பார்க்க வந்ததே எல்லாருக்கும் மறந்துபோனது. காப்பித் தட்டோடு நின்ற தினேஸ்வரிக்குக் கை கடுத்திருக்கும். மாப்பிள்ளைதான் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டார். "தம்பி, சீமையில இப்படித்தானே பேசுவாங்க?" என்று கேட்டேன். "இல்ல அங்கிள், இதெல்லாம் பழைய கறுப்பு வெள்ளைப் படத்துல வர்ற பேச்சு. இப்ப அங்க பேசுனா சிரிப்பாங்க லா," என்றார். துரையோடு பழகாத பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நானும் தேவனும் சேர்ந்து அவர் வாயை அடைத்தோம். நாங்கள் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

பிறகு தேவன், தன் துரை கப்பலேறும் முன் தன்னைக் கட்டிப்பிடித்து அழுதார் என்று ஆரம்பித்தார். "பால்டர்டாஷ்" என்றேன், மரியாதையாகத்தான். அதற்கு அந்த மனுஷன், என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் தோளில் தட்டி, "கம், கம், மை குட் மேன்" என்கிறார்! மச்சான், உனக்கு இதன் கனம் தெரியாது. துரை இன்னொரு துரையை "ஓல்ட் சாப்" என்பார். "மை குட் மேன்" என்பது டிரைவரையும் தோட்டம் கூட்டுகிறவனையும் கூப்பிடுகிற பேச்சு. வார்த்தை இனிப்பாக இருக்கும், ஆளைத் தள்ளி நிறுத்திவிடும். என் துரை என்னை அப்படிக் கூப்பிட்ட போதெல்லாம் நான் உள்ளுக்குள் புழுங்கியது எனக்குத்தான் தெரியும். பெண்ணைப் பெற்றவன் என்றால் கிள்ளுக்கீரையா? "சம்பந்தமும் வேணாம், ஒண்ணும் வேணாம், கெளம்புங்க," என்று சொல்லிவிட்டேன், தமிழில்தான். தேவன் முகம் செத்துப்போய்விட்டது. கேசரியில் கை வைக்காமல் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து உன் அக்காள் சோற்றைப் போடுகிறாள், பேச்சு இல்லை. இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் மாமாவுக்கு அனுப்பு என்றால், மகள் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அதனால்தான் தபால். பையனை அவளுக்குப் பிடித்துவிட்டதாம். எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. அதற்காக மானத்தை விட முடியுமா?

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நாலு பேர் மதிக்க, நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசி.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
உடையப்பன்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனமில்லை, ஆகவே இதிலேயே எழுதுகிறேன். சற்றுமுன் தேவன் தனியாக வந்து வாசலில் நின்றார். "நான் என்ன தப்பாப் பேசிட்டேன்னு எனக்கே வெளங்கல அண்ணே. எங்க துரை எல்லாரையும் 'ஏய், யூ'ன்னுதான் கூப்பிடுவாரு. கட்டிப்பிடிச்சாரு, அழுதாருன்னதெல்லாம் சும்மா. ஊருக்குப் போற அன்னிக்குத்தான் என் தோள்ல தட்டி 'மை குட் மேன்'னாரு. அதவிட ஒசந்த வார்த்த எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்ல. சம்பந்தி ஆகப்போறீங்கன்னு ஒங்கள கூப்பிட்டேன்," என்றார். கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தேன். நவமணி கொடுத்த காப்பியை முழுக்கக் குடித்தார். தை மாதம் கல்யாணம். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்து சேர். அந்த வார்த்தையின் அர்த்தத்தை மட்டும் தேவனிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது, முக்கியமாக நீ. காரில் ஏறும்போது "சியரியோ, மை குட் மேன்" என்றார். நானும் அவர் தோளில் தட்டி, "சியரியோ, மை குட் மேன்" என்றேன். கார் முடுக்குத் திரும்பும்வரை மனுஷன் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனார்.