இரும்புத்தோளாரின் இடதுகோடிப் பூஜ்யம்

சட்டையின் வலது கைக்குள் தோளை நுழைக்க முடியாமல் பதினோரு நிமிடம் போராடிய ஒரு திங்கட்கிழமை காலையில், இரும்புத்தோளார் தம் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை எடுத்தார். பந்தயக் காருக்கு மின்சார ஸ்டீரிங் வைத்துவிட வேண்டியது. வைத்ததை ஈ காக்கைக்கும் சொல்லாமல் இருந்துவிட வேண்டியது. குறிப்பாக, அந்தப் பதினோரு நிமிடத்தையும் கதவருகில் நின்று ரசித்துக்கொண்டிருந்த மனைவிக்கு.

"தோளா?"

"தையல்காரன் சட்டைக் கையைச் சின்னதாக்கிட்டான்."

"மூணு வருஷத்துக்கு முன்னாடி தைச்ச சட்டை. இப்ப வந்து ராத்திரியோட ராத்திரியா சின்னதாக்கிட்டுப் போனானாக்கும். டாக்டர்கிட்ட காட்டுங்கன்னா கேக்குறீங்களா?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

இரும்புத்தோள் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. பந்தயக் கழகம் இட்டது. வீட்டின் பின்புறக் கொட்டகையில் அவர் தம் கையாலேயே கட்டிய அந்தக் காருக்கு முன் டயர்கள் ஒவ்வொன்றும் தலையணை அகலம். நின்ற இடத்தில் அதன் ஸ்டீரிங்கைத் திருப்புவது, குட்டைக்குள் படுத்திருக்கும் எருமையைக் காதைப் பிடித்துத் திருப்புவதற்குச் சமம். அவர் திருப்பிக்கொண்டிருந்தார். திருப்பியதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. மேடைதோறும் அதைப் பற்றிப் பேசவும் செய்தார். ஸ்டீரிங்கைத் திருப்ப மோட்டார் வைத்துக்கொண்ட நண்பர்களை, "கை வலிச்சா தையல் மிஷின் ஓட்டுங்கப்பா" என்று கேலி செய்தார். மின்சார ஸ்டீரிங்கைக் கழக விதிகள் தடுக்கவில்லை. அவரது வாய்தான் தடுத்தது.

அதே வாய்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இன்னொரு காரியமும் செய்திருந்தது. கழகத்தின் ஆண்டு விழாவில், "ஒரு தடவை நான் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று மனைவி கேட்டாள். நாற்பது பேர் முன்னிலையில் அவர் எழுந்து நின்று அறிவித்தார்:

"நின்ன வண்டியில இந்த ஸ்டீரிங்க இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பிக் காட்டு. அன்னைக்கே சாவி உன் கையில. அடுத்த பந்தயம் உன்னோடது. இது எப்பவும் செல்லும்."

அவள் முயன்றாள். ஸ்டீரிங் சக்கரம் அசையவில்லை, அவளது கைக்கடிகாரப் பட்டைதான் அறுந்தது. நாற்பது பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மட்டும் அவர் கொஞ்சம் கூர்ந்து பார்த்திருக்கலாம்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தது. பழைய வண்டி உடைக்கும் இடத்தில், யாரோ மோதிக் கெடுத்த ஒரு சிறு காரின் ஸ்டீரிங் தண்டை, அதோடு ஒட்டியிருந்த மோட்டாருடன் கழற்றி, கோணிப்பையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல இடது கையில் அணைத்துக் கொண்டுவந்தார். இயந்திர வேலை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. மின்சாரம்தான் ஆகாது. மின்சாரம் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இருந்ததுதான் சிக்கல். மனைவி அடுக்குமாடிக் கட்டடங்கள் ஐந்தின் லிஃப்டுகளைப் பராமரிப்பவள். பன்னிரண்டு பேரை ஒன்பதாம் மாடிக்குத் தூக்கும் மோட்டார்கள் அவள் சொன்ன பேச்சைக் கேட்கும். வீட்டில் ஒருவர் மட்டுமே கேட்பதில்லை.

"ஏம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். மோட்டார் ஒண்ணு அறுபது ஆம்பியர் இழுத்தா, என்ன வயர் போடணும்?"

"எந்த மோட்டாரு?"

"வைப்பர்."

"அறுபது ஆம்பியர்ல வைப்பரா? கண்ணாடியைத் தொடைக்கவா, பேத்து எடுக்கவா?"

"மழை பலமா பேஞ்சா?"

"உங்க வண்டியில முன்கண்ணாடியே கிடையாதேங்க. பாரம் குறையணும்னு நீங்கதானே கழட்டினீங்க."

இரும்புத்தோளார் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு இன்னொரு மிடறு.

"திரும்ப மாட்டலாம்னு இருக்கேன்."

"நல்லது, மாட்டுங்க. சுண்டுவிரல் கனத்துக்கு வயர் எடுங்க. பேட்டரியிலேருந்து நேரா வரணும். நடுவுல ஃப்யூஸ் வைங்க. இல்லேன்னா வைப்பரோட நீங்களும் எரிஞ்சு போவீங்க."

அவர் உள்ளம் குளிர்ந்தது. இவ்வளவு எளிதாக நம்பும் மனைவி எத்தனை பேருக்குக் கிடைப்பாள்!

அடுத்த பத்து நாள் கொட்டகைக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. பழைய ஸ்டீரிங் தண்டை நடுவில் அறுத்தார். இடையில் மோட்டாரைப் புகுத்தி, இரு முனையிலும் இணைப்பு வைத்துப் பற்றவைத்தார். மோட்டாரின் உடலைக் காரின் சட்டத்தோடு இறுக்கிக் கட்ட முதல் நாள் மறந்துபோனார். மின்சாரம் கொடுத்ததும் சக்கரம் அசையாமல் நிற்க, மோட்டார் மட்டும் தண்டைச் சுற்றி ஓர் ஆட்டம் போட்டு அவர் முழங்காலை உதைத்தது. நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"வைப்பரா?"

"வைப்பர்தான்."

"கோவக்கார வைப்பரா இருக்கே."

கடைசியில் எஞ்சியது ஒரு குமிழ். மோட்டார் எவ்வளவு கைகொடுக்க வேண்டும் என்பதைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை கூட்டிக் குறைக்கும் குமிழ். அதிலிருந்து மூன்று வயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மூன்றும் ஒரே கறுப்பு. மறுபடியும் ஒரு பேச்சுக்குக் கேட்க வேண்டியதாயிற்று.

"நடு வயர் நடுவுல. ஓரத்து வயர் ரெண்டும் இடம் மாறினா எல்லாம் தலைகீழாயிடும். கூட்டுறது குறைக்கும், குறைக்கிறது கூட்டும். பாத்துக்குங்க."

பார்த்துத்தான் செய்தார். இன்ஜின் ஓடினால்தான் மோட்டாருக்கு உயிர். குமிழை இடதுகோடியில், பூஜ்யத்தில் வைத்தால் பழைய எருமை. வலதுகோடியில், பத்தில் வைத்தால் ஒரே விரலுக்குச் சக்கரம் சுற்றியது. நாற்பது பேர் பார்க்காத அந்தக் கொட்டகையில் அவர் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு சற்றே கண் கலங்கினார். பிறகு குமிழை ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், தடவினால் மட்டும் அகப்படும் இடத்தில் பொருத்தினார். ஆட்கள் சுற்றி நின்றால் பூஜ்யம். ஓடுபாதைக்குள் போய்விட்டால் ஏழு. மானமும் பிழைக்கும், தோளும் பிழைக்கும்.

பந்தய நாள் காலை காரை இழுத்துச் செல்லக் கழகத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். முன்னால் நின்றவர் டயர் கடைக்காரர். லாரிச் சக்கரத்தைத் தனியாளாகக் கழற்றும் மனிதர். இரும்புத்தோளார் குளித்து, அரைமணி நேரம் சட்டையோடு போராடி வெளியே வந்தார். முதல் வேலையாகக் குனிந்து இருக்கைக்கு அடியில் தடவினார். குமிழ் இடதுகோடியில் இருந்தது. நிம்மதி.

மனைவி தலைமுடியை இறுக்கக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, அன்னைக்குச் சொன்ன வார்த்தை இன்னும் செல்லுமா?"

"என் வார்த்தை எப்பவும் செல்லும்."

"அண்ணி, வேணாம்," என்றார் டயர் கடைக்காரர். "போன தடவை வாட்ச் போச்சு."

"இந்தத் தடவை கழட்டி வெச்சுட்டேன். ஏங்க, இன்ஜினைப் போடுங்க. செத்த வண்டியில உக்காந்தா எனக்கு உற்சாகம் வராது."

இரும்புத்தோளார் பெருந்தன்மையோடு இன்ஜினைப் போட்டுவிட்டுக் கையைக் கட்ட முயன்றார். வலது கை வராததால் இடுப்பில் வைத்துக்கொண்டார். மனைவி இருக்கையில் அமர்ந்தாள். சுட்டுவிரலைச் சக்கரத்தின் மேல் வைத்தாள். ஒரு கோடிக்குப் போனாள். கொட்டாவி விட்டாள். மறுகோடிக்கு வந்தாள்.

கழகத்தார் ஐவரும் காருக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏதோ கழண்டு கிடக்கு!" என்றார் டயர் கடைக்காரர். "இறங்குங்க அண்ணி, நான் பாக்குறேன்."

மனைவி இறங்குமுன், செருப்பைத் தேடுவதுபோல இருக்கைக்கு அடியில் கைவிட்டாள். அந்தக் கை திரும்பிய திரும்பலை இரும்புத்தோளார் ஒருவர்தான் பார்த்தார். டயர் கடைக்காரர் ஏறி அமர்ந்தார். இரண்டு கையாலும் பிடித்தார். முகம் சிவந்தது; கழுத்து நரம்பு புடைத்தது; சக்கரம் நகத்தளவு நகர்ந்தது. இறங்கி வந்து அவளை இரு கையாலும் கும்பிட்டார்.

"அண்ணே, இரும்புத்தோள் நீங்க இல்ல!"

இரும்புத்தோளார் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் இரண்டு வாக்கியங்கள் முட்டிக்கொண்டு நின்றன. "இது மோசடி" என்று சொன்னால் மோட்டார் இருப்பதைச் சொல்ல வேண்டும். மோட்டார் இருப்பதைச் சொன்னால் தையல் மிஷினை எதிர்கொள்ள வேண்டும். அவர் உறுதியான மனிதர். வாயை மூடிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

இழுவை வண்டியில் கட்டும்போதுதான் தனியே கேட்க முடிந்தது.

"குமிழ் இடதுகோடியிலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. நீங்க சட்டையோட மல்லுக்கு நின்னப்ப ஓரத்து வயர் ரெண்டையும் மாத்திட்டேன். உங்க பூஜ்யம் இப்ப என்னோட பத்து."

"எப்பலேருந்து உனக்குத் தெரியும்?"

"கண்ணாடி இல்லாத வண்டியோட வைப்பருக்கு வயர் கேட்ட அன்னைக்கே. பந்தயத்துக்கு என் பேரையும் அன்னைக்கே குடுத்துட்டேன்."

சென்ற ஆண்டு அவர் ஒன்பதாவதாக வந்த ஓடுபாதையில் அவள் நான்காவதாக வந்தாள். வேலிக்கு வெளியே இரும்புத்தோளார் ஒவ்வொரு சுற்றுக்கும் இல்லாத ஸ்டீரிங்கை இடது கையால் திருப்பிக்கொண்டு நின்றார். பார்த்தவர்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். மாலையில் புழுதியும் சிரிப்புமாக வந்து இறங்கியவளைப் பார்த்தபோது, அவருக்கே அது பாசமோ என்று ஒரு சந்தேகம் வந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு எலும்பு டாக்டர். நீங்க வருவீங்கன்னு சொல்லிட்டேன்," என்றாள். "தோள் சரியாகட்டும். அடுத்த பந்தயம் நீங்களே ஓட்டுங்க."

"நிஜமாவா?"

"நாப்பது பேர் முன்னாடி சொன்ன வார்த்தை எப்பவும் செல்லுமில்ல? நின்ன வண்டியில, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பிக் காட்டுங்க. அன்னைக்கே சாவி உங்க கையில."

சொல்லிக்கொண்டே இருக்கைக்கு அடியிலிருந்து குமிழை வயரோடு கழற்றிக் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

இரும்புத்தோளார், வலது கை எழும்பாததால், இடது கையால் சலாம் போட்டார்.