டிரையல் பீஸ்

டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னது கவிப்பிரியாவை. திறந்தது புருஷோத்தமன்.

"இப்டி தொறம்மா, இவ்ளோதான்" என்று பெண்ணுக்குக் காட்டுவதற்காகத் திறந்தார். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது ஊட்டுகிறவர் வாயும் சேர்ந்து திறந்துகொள்ளுமே, அந்த மாதிரி. நாற்காலியில் சாய்ந்து கிடந்த கவிப்பிரியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தலைக்கு மேலே எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது படிக்கிற பெண். அவளை இரண்டு மாதமாகக் கெஞ்சிக் கூத்தாடி, சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிர் மாடியிலிருக்கும் அந்தப் பல் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

பொறுமைசாலியான அந்தப் பெண் டாக்டர், வாய் திறக்கிற வரைக்கும் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று கேள்விகளை அப்பாவிடம் கேட்க ஆரம்பித்தார். சின்ன வயதில் விரல் சூப்பினாளா, பால்பல் சீக்கிரம் விழுந்துவிட்டதா, தூங்கும்போது வாயால் மூச்சு விடுவாளா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "குடும்பத்துல வேற யாருக்காவது முன்பல் இப்படித் தூக்கினாப்ல இருக்கா?" என்றார்.

"எங்க பக்கம் யாருக்கும் கெடையாது டாக்டர்" என்று புருஷோத்தமன் வேகமாகச் சொன்னார்.

டாக்டர் விளக்கை லேசாக அவர் பக்கம் திருப்பினார். "உங்களுக்கே கீழ்வரிசை ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது சார். ஷேர் ஆட்டோ மாதிரி."

புருஷோத்தமன் வாயை மூடிக்கொண்டார்.

அவர் வந்தது அதற்காக இல்லை. மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் அவர் மனைவி சசிரேகா காய்ச்சலில் போய்விட்டாள். நாலு நாள் காய்ச்சல்தான். அதற்குப் பிறகு வல்லம் வடகாலில் அந்த வீட்டில் இரண்டே பேர். கவி சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன விசேஷம் என்று எட்டிப்பார்த்த காலம் உண்டு. இப்போது எப்போது பார்த்தாலும் வாயில் கை. சிரிப்பு வருகிற மாதிரி இருந்தால் போதும், அதற்கு முன்னால் கை வந்துவிடும். வயசுப் பெண், பல் எடுப்பாக இருப்பது உறுத்துகிறது என்று அவர் முடிவு செய்தார். இந்த ஒரு பெண்ணின் சிரிப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல்.

அதனால் டாக்டரைக் குடைந்து எடுத்தார். வலிக்குமா? ஒவ்வொரு தடவை கம்பியை இறுக்கும்போதும் ரெண்டு மூணு நாள் கடுக்கும், அப்புறம் பழகிவிடும். பல்லைப் பிடுங்குவீர்களா? இடம் போதாவிட்டால் ஒன்றிரண்டு எடுக்க வேண்டியிருக்கும். எவ்வளவு நாள்? ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம். கழற்றின பிறகு பல் பழைய இடத்துக்கே ஓடிவிடாதா? ஓடும், அதற்குத்தான் அப்புறமும் தகடு போட்டுக்கொள்ள வேண்டும். முறுக்கு? கூடாது. கரும்பு? கூடவே கூடாது. எந்த வயது வரைக்கும் போடலாம்?

"பல்லும் ஈறும் நல்லாயிருந்தா வயசே கிடையாது. உங்களுக்கே போடலாம்" என்றார் டாக்டர்.

பொத்திய கைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா மொதல்ல போட்டுக்கட்டும்."

தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்ன வார்த்தை. வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் அதட்டியிருப்பார். ஆனால் புருஷோத்தமன் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் பல வருஷமாக லைனில் நிற்கிறவர். அங்கே அச்சு மாற்றினாலும் சரி, அளவு மாற்றினாலும் சரி, நேரே ஓட்டிவிட மாட்டார்கள். முதலில் ஒரே ஒரு பீஸ் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு டிரையல் பீஸ் என்று பெயர். அது தேறினால்தான் மற்றது. பெண் கேட்டது நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது. நேரே போட்டு ஓட்டிவிட அவள் என்ன இரும்பா?

"எறங்கும்மா" என்று சொல்லிவிட்டு, அவரே நாற்காலியில் ஏறிப் படுத்தார்.

கம்பி மாட்டிக்கொண்டு வந்த அன்று மாலை, வீட்டில் கண்ணாடி முன் நின்று இளித்துப் பார்த்தார். காரின் முன்பக்க கிரில் மாதிரி இருந்தது. கவி பின்னால் நின்று பார்த்தாள். சிரித்தாள் போலிருந்தது. அதற்குள் கை போய்விட்டது. அவருக்கும் அந்த நேரம் பார்த்துப் பால் வாங்க வேண்டியது ஞாபகம் வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் கம்பெனியில் ஆரம்பித்தது.

அந்த மாதம் லைனில் சின்னச் சின்ன பேரிங்குகள் காணாமல் போய்க்கொண்டிருந்ததால், ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களை கேட்டில் ஒரு கருவியால் தடவி அனுப்பினார்கள். செக்யூரிட்டி இசக்கிதுரை திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், வேலைக்குப் புதுசு, அதனால் கடமையில் குறை வைக்காதவன். கருவி புருஷோத்தமனின் சட்டையில் பேசவில்லை, பேன்ட்டில் பேசவில்லை. கழுத்துக்கு மேலே போனதும் கத்தியது.

"அண்ணாச்சி, வாய்க்குள்ள என்னத்த வச்சிருக்கீய?" என்று அவன் மரியாதையாகக் கேட்டான்.

காட்டினார். இசக்கிதுரை டார்ச் அடித்துப் பார்த்தான். பின்னால் வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் புருஷோத்தமன் கேட்டில் ஒருமுறை ஈ என்று காட்டிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டியிருந்தது.

மனைவி இல்லாத ஆள், நாற்பதைத் தாண்டிப் பல்லை நேராக்கிக்கொள்கிறான் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்று லைன் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். சூப்பர்வைசர் வசந்தகுமார் வயதில் சின்னவன். அவன் வந்து தோளில் கை போட்டு, "பொண்ணு எந்த ஊருண்ணே? லீவு எப்போ வேணும்னு இப்பவே சொல்லிடுங்க, ஆள் மாத்தணும்" என்றான்.

பெண்ணுக்காக நான் டிரையல் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்ல புருஷோத்தமனுக்கு வாய் வரவில்லை. ஈறில் ஏதோ வியாதி, அதனால் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தார்.

அது நன்றாக வேலை செய்தது. மறுநாள் கேன்டீனில் அவர் உட்கார்ந்த மேஜையில் ஒருவரும் உட்காரவில்லை. குடிதண்ணீர்க் குழாய் பக்கத்தில் அவருக்கென்று ஒரு டம்ளர் தனியாக வைக்கப்பட்டிருந்தது. அடுத்த நாள் கம்பெனி மருத்துவ அறையில் கூப்பிட்டார்கள். அங்கிருந்த நர்ஸ் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வெளியே காத்திருந்த வசந்தகுமாருக்கும் கேட்கும்படி, "வியாதி ஒண்ணுமில்ல சார், அழகுக்குப் போட்டிருக்காரு" என்று சான்று கொடுத்துவிட்டாள். தனி டம்ளர் போய்விட்டது. கல்யாணம் உறுதியாகிவிட்டது.

செய்தி ஒரகடத்திலிருந்து குன்றத்தூர் போக எவ்வளவு நேரமாகும்? அங்கே அவருடைய அக்கா பாப்பம்மாள் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூவும் பழமுமாக வந்து இறங்கினாள். வந்ததும் தம்பியின் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏன்டா, வாய வுட்டுக் கேக்க வெக்கமா இருந்தா அக்காகிட்ட சொல்லக்கூடாதா? பல்லுக்குக் கம்பி கட்டிக்கினு நின்னாதான் எங்களுக்குப் புரியுமா?"

போனில் ஒரு பெண்ணின் படம் காட்டினாள். மணிமங்கலம் பக்கம், புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை, நல்ல குணம். சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த கவியின் கரண்டிச் சத்தம் நின்றது.

"அய்யோ, கவிக்காகத்தான்கா இதெல்லாம்" என்றார் புருஷோத்தமன், உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து.

பாப்பம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதத்தான்டா நானும் சொல்றேன். உனக்காகவா சொல்றேன்? அந்தப் பொண்ணுக்காகத்தான் பண்ணிக்கணும்."

அவர் விளக்கத் தொடங்கினார். விளக்க விளக்க, பாப்பம்மாள் நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கவி தோசையைக் கொண்டுவந்து வைத்தாள். அத்தை சாப்பிட்டாள், அப்பா சாப்பிட்டார். அவள் சாப்பிடவில்லை.

மாதாமாதம் கம்பியை இறுக்குவதற்கு அவர் கவியையும் கூட்டிக்கொண்டுதான் போவார். டிரையலை நேரில் பார்க்கட்டும் என்று. அவள் வெளியே, கவுன்டரில் இருக்கும் மஞ்சுளாவின் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவர் உள்ளே வலியில் கால்விரலை மடக்கிக்கொண்டு கிடந்துவிட்டு, வெளியே வரும்போது ஒன்றுமே வலிக்காதவர் போல வருவார். அக்கா வந்து போன பிறகு அதுவும் கசந்தது. போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் பேச்சில்லை. சிரிப்பைக் கொண்டுவரக் கிளம்பி, இருந்த பேச்சையும் தொலைத்துவிட்டோமே என்று புருஷோத்தமன் லைனில் நின்றுகொண்டே நினைத்துக்கொள்வார். கை அதுபாட்டுக்கு போல்ட்டை இறுக்கும். யாருடைய பல்லையோ இறுக்குகிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் பேசியே தீர்த்துவிடுவது என்று உட்கார்ந்தார். கவி முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்திருந்தாள். டாக்டர் கூடாது என்று சொன்னதில் முருங்கைக்காய் இல்லை, அவருக்கு அது தோன்றியிருக்காது. புருஷோத்தமன் இரண்டு துண்டைச் சவைத்துவிட்டு, முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு, "இதோ பாரும்மா கவி. அப்பா யாரையும் கல்யாணம் பண்ணிக்கப் போறதில்ல. இந்த வூட்ல நீயும் நானும்தான். இது சத்தியம்" என்றார்.

கவி ஒரு கையில் சாம்பார்ப் பாத்திரமும் இன்னொரு கையில் கரண்டியுமாக அவரையே பார்த்தாள். சத்தியம் செய்கிற வாயில் கம்பிக்குக் கம்பி முருங்கை நார் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பூனை மீசை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பேசப்பேச ஆடியது.

அவளுக்குப் பொத்திக்கொள்ளக் கை இல்லை. சிரித்துவிட்டாள். எல்லாப் பல்லும் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து, சாம்பார் தளும்பித் தரையில் கொட்டக் கொட்ட, வீடு நிறையச் சிரித்தாள்.

புருஷோத்தமன் பார்த்தார். எச்சில் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு, மோட்டார் ஓடுகிறது போலிருக்கிறது, தொட்டி வழியும் என்று சொல்லிவிட்டு எழுந்து பின்பக்கம் போனார்.

மோட்டார் ஓடவில்லை. அன்றைக்கு அவர் போடவே இல்லை. தொட்டியடியில் நின்று கையைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், மறுபடியும் முகத்தைக் கழுவினார். நெல் வயலாக இருந்த இடத்தில் வரிசையாகக் கம்பெனி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் உள்ளே வந்தபோது தரை துடைத்திருந்தது. அவருடைய தட்டின் மேல் இன்னொரு தட்டு கவிழ்த்திருந்தது. கவி புத்தகத்தை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குப் போலாம்பா" என்றாள், திரும்பாமலே. "நான் போட்டுக்கறேன்."

புருஷோத்தமனுக்குக் கொஞ்ச நேரம் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. டிரையல் பீஸ் தேறிவிட்டது. கேட்டில் இளித்தது, தனி டம்ளரில் குடித்தது, அக்காவிடம் பட்டது எல்லாவற்றுக்கும் கூலி கிடைத்துவிட்டது.

மறுநாள் வசந்தகுமாரிடம் அரை நாள் பர்மிஷன் கேட்டார். அவன் கண் சிமிட்டிக்கொண்டே கொடுத்தான். எப்படியாவது நினைத்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டார்.

இந்த முறை கவி தானாகவே நாற்காலியில் ஏறிப் படுத்தாள். டாக்டர் சொல்வதற்கு முன்பே வாயை அகலமாகத் திறந்தாள். கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். டாக்டர் அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். எப்போதும் கவி உட்காருகிற பெஞ்சில் புருஷோத்தமன் முதல் தடவையாக உட்கார்ந்தார். உள்ளே ஏதோ கருவி மெல்லச் சுற்றுகிற சத்தம் கேட்டது. கவுன்டரில் மஞ்சுளா பஞ்சைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவருக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "இனிமேலாவது வாய மூடிக்காம சிரிக்கும்மா என் பொண்ணு. அதுக்குத்தான் நான் இவ்ளோ பாடுபட்டது" என்றார்.

மஞ்சுளா நிமிர்ந்து பார்த்தாள். "யாரு, கவியா? அது எங்க சார் வாய மூடுது? நீங்க உள்ள போனதும் இங்க உக்காந்துகினு அது சிரிக்கிற சிரிப்புல இந்த பெஞ்சே ஆடும்."

புருஷோத்தமன் ஒன்றும் புரியாமல் பெஞ்சைப் பார்த்தார்.

மஞ்சுளா அடுத்த பஞ்சைக் கிள்ளி எடுத்தாள்.

"இவ்ளோ அழகா சிரிக்கிற, அப்பா வந்தா மட்டும் ஏன் பொத்திக்கிறன்னு நானே ஒருதபா கேட்டேன் சார். 'சிரிச்சா எங்கம்மா மாதிரியே கீறேனாம்கா, எங்கப்பா எழுந்து வெளிய போயிடறாரு. பல்லு மாறிட்டா எங்கூட உக்காந்து சாப்பிடுவாரு'ன்னுச்சு."