நீலக் கதவு, காலை பத்து மணி

உலகில் முறையாகத் திட்டமிட்டு நடந்த காரியங்கள் மிகக் குறைவு. அவற்றுள் ஒன்று சென்ற ஞாயிறு காலை, திருத்தணியில், எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. வந்திருந்தோர் விவரம்: ஃபேனுக்கு நேர் கீழே என் மனைவி தமயந்தி. சார்ஜர் வயர் எட்டும் தூரத்தில், தரையில், கல்லூரியில் படிக்கும் மகள் அம்மு. சோபா முழுக்க தமயந்தியின் தம்பி, என் மச்சான் தணிகைவேல். இரும்பு பீரோவை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில், நோட்டும் பேனாவுமாக, முரளிதரனாகிய நான். வராதவர்: புதுச்சேரியில் தனியாக இருக்கும் என் அக்கா பிரபாவதி. அவர் சார்பில் அவருடைய இன்லாண்ட் கடிதம் டீப்பாய்மேல் இருந்தது.

முதல் பொருள்: புதுச்சேரிக்கு மூன்று நாள் 'போட்டோ பயணம்'. எனக்கு லீவு கிடைத்துவிட்டதைக் கூட்டம் மகிழ்ச்சியுடன் பதிவு செய்தது.

அம்மு திட்டத்தை வாசித்தாள். இடங்கள் பதினான்கு, உடைகள் ஒன்பது. வெள்ளி காலை ஆறு நாற்பதுக்கு மஞ்சள் சுவர். எட்டரைக்குக் காபிக் கடை. வாங்குவது ஒரே காபி, நால்வரும் முறைவைத்துப் பிடித்துக்கொள்வது, கடைசிப் படம் முடியும்வரை குடிக்காமலிருப்பது. பத்து மணிக்கு நீலக் கதவு.

"யாரும் கேமராவ பாக்கக் கூடாது நைனா. போட்டோ எடுக்கறதே தெரியாத மாதிரி நடக்கணும்."

"யாரு எடுக்கறது?" என்றேன்.

"மாமாதான்."

"எதுக்கால நின்னு எடுத்துகினு இருப்பானே, எப்பிடிம்மா தெரியாம போவும்?"

"அதத்தான் தெரியாத மாதிரி நடக்கணும்."

உடனே ஒத்திகை நடந்தது. தெரியாத மாதிரி நடந்ததில் நான் பீரோவில் இடித்துக்கொண்டேன். மிக 'இயல்பாக' இருந்ததாகச் சபை பாராட்டியது.

இரண்டாம் பொருள்: அக்காவின் கடிதம். நானே வாசித்தேன். "தம்பி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வயிற்றுக் கட்டி ஆபரேஷன். சொந்தக்காரர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டு, கூட இருந்தால்தான் செய்வார்களாம். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? உனக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். மலையில் முடி இறக்கிவிட்டு, வியாழக்கிழமையே வந்துவிடு."

கடிதத்தை மடித்து மறுபடி டீப்பாய்மேல் வைத்தேன்.

"அதே ஊருதான பாவா," என்றான் தணிகைவேல். "நடுவுல ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாமே."

"வெள்ளிக்கிழமை பத்து மணி நீலக் கதவு மாமா," என்றாள் அம்மு. "பதினொண்ணுக்கெல்லாம் நிழல் உழுந்துடும்."

"ஆபரேஷன வேணா சாயங்காலம் வச்சிக்கச் சொல்லலாமா?" என்று நான் ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். ஆதரவு கிடைக்கவில்லை.

"அது கெடக்கட்டுங்க. மொட்டைக்கு இன்னா பண்றது?" என்றாள் தமயந்தி. "தலை பூரா சந்தனத்தப் பூசிகினு, நீலக் கதவாண்ட வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"

"மொட்டையில வெயிலு பட்டு அடிச்சா, போட்டோல நம்ம மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போய்டும்க்கா," என்றான் தணிகைவேல். கொஞ்சம் முன்பு ஒரு எட்டு போகலாம் என்றவன் இவன்தான்.

அம்மு எழுந்தாள். என்னைச் சுவரோரம் நிறுத்திப் படமெடுத்தாள், போனை இரண்டு தட்டு தட்டினாள், நீட்டினாள். வழுவழுவென்று மொட்டை, மேலே சந்தனம், பின்னால் மலைக்கோயில். கண்ணில் பக்திகூட ஏற்றியிருந்தாள்.

என்ன ஒரு தீர்வு! வேண்டுதலுக்காக என் தலையில் ஒரு முடிகூடக் குறையவில்லை. அக்காவின் கண்ணுக்கு ஒரு முடிகூட மிஞ்சவில்லை.

"நம்புவாளா?" என்றேன்.

"அத்தைகிட்ட பட்டன் போனுதான நைனா. நம்ம போடற போட்டோ எதுவும் அவங்க கண்ணுல படாது. இத பிரிண்ட் போட்டு அனுப்பிடு."

"போன்ல மட்டும் பேசிடாதீங்க," என்றாள் தமயந்தி. "உங்க கொரல வச்சே கண்டுபுடிச்சிடுவாங்க. லெட்டரா எழுதுங்க. உங்களுக்குத்தான் கோர்வையா வருமே."

வரும். அஞ்சாம் வகுப்பில் கடிதம் எழுதும் போட்டியில் பரிசு வாங்கியவன் நான்.

திங்கட்கிழமை படம் பிரிண்ட் போட்டேன். தபால் ஆபீஸில் உட்கார்ந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். "அன்புள்ள அக்காவுக்கு, தம்பி முரளி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். எவ்வளவோ கேட்டும் லீவு கொடுக்கவில்லை. உன் வேண்டுதலை நிறைவேற்றிவிட்டேன், படம் இணைத்துள்ளேன். கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டாரைக் கேட்டுப் பார்க்கவும். தைரியமாக இரு." படத்தைக் கடிதத்துக்குள் மடித்துக் கவரில் வைத்துக் கோந்து தடவினேன். ஓரம் பிரியாதபடி விரலால் இரண்டு முறை அழுத்தினேன்.

"புதுச்சேரியா? வியாழக்கிழமைக்குள்ள கையில குடுத்துடுவாங்க சார்," என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். "வீட்டுல ஆளு இருப்பாங்களா?"

"இருப்பாங்க. யாராவது வருவாங்கன்னு பாத்துகினு இருப்பாங்க," என்றேன்.

கவரை வாங்கிப் பையில் போட்டார். எங்கள் வீட்டிலிருந்து அந்த ஊருக்கு, நாங்கள் நால்வரும் இந்தக் கவருமாக, மொத்தம் ஐந்து உருப்படி போகிறது. அக்கா வீட்டுக் கதவைத் தட்டப் போவது அது ஒன்றுதான்.