அடியில் இருந்த கடிதம்

ஒரு நாகரிகத்தின் உயரத்தை அதன் குவியல்களை வைத்துத்தான் அளக்க வேண்டும். மூன்றாம் மாடியில் இருந்த அந்தப் பதிவு அலுவலகம் இந்த உண்மையை என்றோ கண்டுகொண்டது. திங்கட்கிழமைதோறும் கண்காணிப்பாளர் மர அளவுகோலுடன் மேசை மேசையாக வந்து காகிதக் குவியல்களின் உயரத்தைக் குறித்துக்கொள்வார். உயரமான குவியல் உள்ளவர் 'உழைப்பாளி'. மேசை காலியாக இருப்பவர் சந்தேகத்துக்குரியவர்.

வந்ததை அன்றே முடித்து அனுப்பிவிடும் கெட்ட பழக்கம் அங்கே ஒரு எழுத்தருக்கு இருந்தது. இருபது வருடமாக அவர் மேசையில் அளவுகோலுக்கு வேலையே இல்லை. பதவி உயர்வும் வரவில்லை. ஒரு காலை, இரண்டாம் மாடிப் படித் திருப்பத்தில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவருடைய குடையையும் கண்ணாடியையும் வாங்கிப்போக மனைவி வந்தாள். அவளுக்கு இன்னொன்றும் வேண்டியிருந்தது. இதயம் பலவீனமாகிவிட்டது, தரைத்தளத்தில் ஒரு நாற்காலி கொடுங்கள் என்று பதினோரு மாதத்துக்கு முன் அவர் எழுதிக்கொடுத்த கடிதம். அதைச் சமையலறை வரை வந்து வாசித்துக் காட்டி, "கெஞ்சுற மாதிரி இருக்கா?" என்று கேட்டிருந்தார். அவர் கையெழுத்தில் மளிகைச் சீட்டுகளைத் தவிர வீட்டில் வேறெதுவும் இல்லை.

கண்காணிப்பாளர் பெருமையுடன் தன் மேசையைக் காட்டினார். குவியல் அவள் நெஞ்சுயரம் இருந்தது.

"பத்திரமா இருக்கும்மா. அடியில."

புதிதாக வருவது மேலே வைக்கப்படும், மேலே இருப்பது முதலில் பார்க்கப்படும், அடியில் இருப்பதை உருவினால் எல்லாம் சரிந்துவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். மேசைமேல் இருக்கும்வரை அது 'பரிசீலனை'. அலமாரிக்கு ஏறினால் 'ஆவணம்'. தரைக்கு இறங்கினால் 'பழைய ஆவணம்'. குப்பை என்று சொல்ல மட்டும் ஒரு குழு கூட வேண்டும்.

அவளுக்கும் குவியல்கள் தெரியும். கட்டில்மேல் துவைத்த துணி குவிந்துகிடந்தால் சோம்பல். தொட்டியில் பாத்திரம் குவிந்தால் விருந்தாளி வந்துபோயிருக்கிறார்கள். அலமாரியில் மடித்தபடியே இருக்கும் அவர் சட்டைகளுக்கு என்ன பெயர் என்றுதான் இன்னும் தெரியவில்லை.

"நாங்களும் கேட்டுப் பாத்தோம் அண்ணி," என்றாள் தட்டச்சுக்காரி, தாழ்ந்த குரலில். "சரிஞ்சிடும்னுட்டார்."

"ஒரு மனு எழுதிக் குடுங்கம்மா," என்றார் கண்காணிப்பாளர். "உங்களுக்காக மேலேயே வச்சுக்கறேன்."

அவள் வாங்கிக்கொண்ட குடையைச் சுவரில் சாய்த்தாள். மடித்த துணியைத் தூக்குவதுபோல் குவியலின் மேல்பாதியை அணைத்தெடுத்து நாற்காலியில் வைத்தாள். மீதியைப் பக்கத்து மேசையில் வைத்தாள். அடியில் கடிதம் இருந்தது. பதினோரு மாதப் பரிசீலனையின் அடையாளமாக அதன்மேல் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறை ஒன்று மட்டும் இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு, குவியலை இருந்தபடியே திரும்ப அடுக்கினாள்.

"மூணு மாடி ஏற அவருக்கு இருபது நிமிஷம் ஆகும். நடுவுல ரெண்டு தடவ உக்காந்துக்குவார். இதை எடுக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல."

கண்காணிப்பாளர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். உயரம் குறையவில்லை. அவருக்கு மூச்சு வந்தது.

"நல்லவேளை, எதுவும் விழல."

"விழுந்தது ஒருத்தர்தான் சார்," என்று சொல்லிவிட்டு, அவள் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.