எட்டு மணி நேர மரியாதை

எனக்கு இப்போதெல்லாம் தொலைந்து போக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாமல், ஏதாவது மரத்தடியில் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தூங்க வேண்டும். முடியாது. மனைவியின் போனில் நான் ஒரு புள்ளி. மகளின் போனில் இன்னொரு புள்ளி. போன மாதம் தேடிப் பார்த்தால், டார்ச் விளக்கு ஆப்கூட என் இருப்பிடத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறது. (இருட்டில் நான் எங்கே நின்றால் அதற்கென்ன?) உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைத்தேன். அணைக்கத் தெரிந்துகொண்டதற்கு எங்கள் வீடு கொடுத்த விலை, என் தங்கைக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம்.

அப்போது கவிதாவுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தோம். அப்பா இல்லை, நான்தான் மூத்தவன் என்று அம்மா எல்லாப் பொறுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார். பொறுப்பை மட்டும். அதிகாரம் அவரிடமே இருந்தது. ஒரே சமயத்தில் இரண்டு ஜாதகம் பொருந்தி வந்தது. ஒரு வீடு புக்கிட் மெர்தாஜாமில், இன்னொன்று கெப்பாலா பத்தாஸில். நாங்கள் இருப்பது பினாங்குத் தீவில்; இரண்டுமே பாலத்துக்கு அந்தப் பக்கம். பெண் பார்க்க அவர்களை அழைப்பதற்கு முன், நாங்கள் போய் வீடு வாசலைப் பார்த்துவிட்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம்.

"ரெண்டு வாட்டி பாலம் தாண்டி அலையணுமா? ஒரே நாள்ல முடிச்சிரலாம்," என்றார் அம்மா. "ஆனா ஒரு வீட்டுக்குப் போனது இன்னொரு வீட்டுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா நம்மள என்ன நினைப்பாங்க?"

கூட வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஒரு கோயிலின் கமிட்டிச் செயலாளர். கமிட்டிக் கூட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாதவர். கவிதா ஒரு பள்ளியில் ஆசிரியை. பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

புறப்படும்போது புக்கிட் மெர்தாஜாம் மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். பெருமாள் அங்கிள், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, எங்க தாமான் குடியிருப்புல எல்லா ரோடும் ஒரே மாதிரி இருக்கும்லா. நீங்க லைவ் லொக்கேஷன் போட்டு விடுங்க. நான் பாத்துக்கிட்டே இருந்து முனையில வந்து நிக்கிறேன்."

எவ்வளவு நேரத்துக்கு என்று வாட்சப் கேட்டது. பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம். சம்பந்தம் பேசப் போகும் வீட்டுக்குப் பதினைந்து நிமிடம் என்பது கஞ்சத்தனமாகப் பட்டது. ஒரு மணி நேரம், ஏதோ பரவாயில்லை ரகம். எட்டு மணி நேரம்தான் மரியாதையாகத் தெரிந்தது. (பாலத்தில் ஜாம் ஆனால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், முழு மடையன் இல்லை என்று தெரியட்டும்.) எட்டை அழுத்தினேன். அதோடு மறந்தும் போனேன்.

முனையில் அங்கிள் சொன்னபடியே நின்றார். அந்த வீட்டைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு இன்றும் ஒன்றும் கிடைக்கவில்லை. மாப்பிள்ளைப் பையன் குமரன் அதிகம் பேசவில்லை. அம்மா உட்காரச் சிரமப்படுவதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் உயரமான நாற்காலி ஒன்றைத் தானே தூக்கி வந்து போட்டான். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். முடிவு செய்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்கள். இருந்தால் கெப்பாலா பத்தாஸ் கெட்டுப்போகும். மாமா எழுந்து நின்றார்.

"பினாங்குல கோயில் மீட்டிங் இருக்குங்க. நான் இல்லைன்னா ஆரம்பிக்க மாட்டாங்க."

காரில் ஏறியதும், "பையன் தங்கம்," என்றார் அம்மா.

"அப்ப அடுத்த வீடு எதுக்குமா? வரலைன்னு சொல்லிருவோம்," என்றேன். அன்று முழுவதும் நான் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அதுதான்.

"ரெண்டையும் பாத்தாதானே ஒண்ணு நல்லாருக்குன்னு சொல்ல முடியும்?" என்றார் மாமா. அம்மாவும் தலையாட்டினார். நான் காரை வடக்கே விட்டேன்.

பாலத்துக்குத் திரும்பும் இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம், அங்கிள் குரல் கார் ஸ்பீக்கரில் நிறைந்தது.

"தம்பி, பாலத்தை விட்டுட்டீங்க! நேராப் போனா அலோர் ஸ்டார்தான். மாமாவுக்கு மீட்டிங் வேற இருக்கே!"

"பெட்ரோல் போடப் போறோம் அங்கிள்," என்றேன்.

போன் அடங்கியதும் மூவரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தோம். (ஓட்டிக்கொண்டிருந்த நானும்தான்.) வெள்ளை மைவி கார் ஒன்று வந்துகொண்டிருந்தது.

"அந்தாளு பின்னாலயே வர்றாருடா," என்றார் மாமா.

வேகத்தைக் கூட்டினேன். குறைத்தேன். மைவி எங்களை முந்திக்கொண்டு போனது. உள்ளே ஒரு சீனப் பெண்மணி, எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடியும் போன்.

"தம்பி, ரெண்டு பெட்ரோல் ஸ்டேஷன் தாண்டிட்டீங்களே. காடியில ஏதும் ரோசாக்கா, பழுதா? பிரேக் பிடிக்குதா?"

"எல்லாம் நல்லாருக்கு அங்கிள்!"

"அந்த போனை வாயை மூடச் சொல்லு. நல்ல காரியத்துக்குப் போற நேரத்துல," என்றார் அம்மா. சத்தத்தை அணைத்துச் சட்டைப் பையில் போட்டேன். போனின் சத்தத்தை அணைத்தால் போனையே அணைத்த மாதிரி என்று நம்பிய தலைமுறை நான். அங்கே புக்கிட் மெர்தாஜாமில், கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கும் என் வாட்சப் புகைப்படம் ஒரு நல்ல மனிதரின் கையிலிருந்த வரைபடத்தில் வடக்கு நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

கெப்பாலா பத்தாஸ் வீட்டிலும் உபசாரத்துக்குக் குறைவில்லை. அந்த வீட்டு அப்பா அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர், அளந்து பேசுவார். மாப்பிள்ளை சதீஷ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் தங்கை ரேணுகா பலகாரம் கொண்டு வந்து வைத்தாள். "வேற எடம் ஏதும் பாக்குறீங்களா?" என்று அப்பா கேட்டார். "சேச்சே, உங்க வீடுதான் மொதல்," என்று அம்மா கேசரியை வாயில் வைத்தார்.

அப்போதுதான் வாசலில் ஒரு பழைய வேன் வந்து நின்றது.

பெருமாள் அங்கிள் இறங்கினார். கையில் ஜம்பர் கேபிள். பின்னால் குமரன், ஒரு கையில் தண்ணீர் கேன், மறு கையில் கார் ஜாக். காலையில் எங்களுக்காகப் போட்டிருந்த நல்ல சட்டையோடே வந்திருந்தான்.

"தம்பி! போன் எடுக்கலையே, பயந்துட்டோம். புள்ளி ஒரே எடத்துல நிக்குது. காடி எங்க நின்னுச்சு?"

என் கார் அவருக்கு முன்னாலேயே பளபளவென்று நின்றது. அவர் காரைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாக வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். சதீஷைப் பார்த்தார். கடைசியாக, கையில் கேசரியோடு இருந்த அம்மாவைப் பார்த்தார். கேபிளை மெதுவாகச் சுருட்டினார்.

"காடி நல்லா ஓடுதில்ல? அது போதும் தம்பி," என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் அழவும் முடியவில்லை.

"யாரு இவங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"தூரத்துச் சொந்தம்," என்றார் அம்மா.

"அப்ப உள்ள வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க." வேறு வழியில்லாமல் இருவரும் உள்ளே வந்தார்கள். ஒரே சோபாவில் இரண்டு மாப்பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். எந்தச் சொந்தம், எந்த வழி என்று வீட்டுக்காரர் விசாரிக்க, பொய் சொல்லத் தெரியாத அங்கிள், காலையில் நாங்கள் எப்போது அவர் வீட்டுக்கு வந்தோம், என்ன சாப்பிட்டோம், எந்த மீட்டிங்குக்காகக் கிளம்பினோம் என்பதுவரை சொல்லிவிட்டுப் போனைத் திறந்து காட்டினார். அதில் நான் இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தேன். "மீட்டிங் எத்தனை மணிக்குங்க?" என்று மாமாவைக் கேட்டார் வீட்டுக்காரர். மாமா சீலிங் ஃபேனைப் பார்த்தார். இந்தக் கூத்தில் குமரனுக்குத் தேநீர் கொடுத்தது ரேணுகா என்பதையோ, ஜாக்கைப் பார்த்து அவள் சிரித்ததையோ நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் கவிதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"காலையிலதான் பாத்தவங்களுக்காக அவ்வளவு தூரம் வந்தாங்களாண்ணே? அந்த வீட்டுக்கு நான் போயிருப்பேன்," என்றாள்.

அந்த வார்த்தை இன்னும் எனக்குள் எங்கேயோ குத்திக்கொண்டிருக்கிறது. மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன். அங்கிள் மரியாதையாகப் பேசினார், சம்பந்தத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. கெப்பாலா பத்தாஸ்காரர் போனையே எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை குமரன். பெண் ரேணுகா. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் படித்தார்.

போகாமல் இருக்க முடியுமா? போனோம். அங்கிள் என்னைக் கையைப் பிடித்து மேடைக்கே இழுத்துக்கொண்டு போனார். "இவருதான் இந்தக் கல்யாணத்துக்குத் தரகரு!" என்று மைக்கில் சொல்லி, தோளில் ஒரு ஜரிகை வேட்டியைப் போர்த்தினார். மண்டபமே கைதட்டியது. அதிகமாகத் தட்டியது கவிதா. அம்மா அந்த வேட்டியை வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை. அது வெகுநாள் என் காரின் பின்பெட்டியில்தான் இருந்தது.

கவிதா பிறகு தானே ஒருவரைத் தேர்ந்தெடுத்தாள், கூட வேலை பார்க்கும் ஆசிரியர். அவர் வீட்டைப் பார்க்கப் புறப்பட்ட அன்று அம்மா வாசலில் காலி மைலோ டின்னோடு நின்றார். "போனை இதுல போடு." போட்டேன். அன்று முதல் கல்யாணம், வளைகாப்பு, புதுவீடு எதுவாக இருந்தாலும் என் போன் மைலோ டின்னில்தான். என் மகளும் அவள் அத்தையும் அந்த டின்னுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவார்கள்.

பெருமாள் அங்கிள் மட்டும் மாறவில்லை. தீபாவளி காலையில் அவரிடமிருந்து லைவ் லொக்கேஷன் வரும், எட்டு மணி நேரத்துக்கு. அந்தப் புள்ளி அவர் வீட்டை விட்டு நகராது. வாருங்கள், இருக்கிறேன் என்று அர்த்தம். போன தீபாவளிக்கும் வந்தது. அம்மாவிடம் காட்டினேன். பட்டுப்புடவை கட்டி முடித்துவிட்டு, டின்னின் மூடியைத் திறந்து நீட்டினார்.

"இதுல போட்டுட்டுக் காடியை எடு. அந்த வீட்டுக்கு வழி எனக்குத் தெரியும்."