குளியல் தொட்டியில் பன்னிரண்டு கொத்தனார்கள்

“நம்ம குளியலறையில இப்ப பன்னிரண்டு கொத்தனார் வேலை பார்க்கிறாங்க மச்சான். பன்னிரண்டு பேரும் தண்ணிக்கு அடியில நின்னு ஆளுக்கொரு வீடு கட்டுறாங்க. ஒருத்தன்கூட இதுவரைக்கும் டீ கேக்கல.”

மேஸ்திரி இதைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியைக் காதிலிருந்து அரை அடி தள்ளிப் பிடித்துக்கொண்டார். மச்சான் சிரித்தால் காது தாங்காது. மச்சான் சிரிக்கவில்லை.

“மாப்பிள்ளை, சனிக்கிழமை கூட்டத்துல பேசுறவங்க பட்டியல்லேர்ந்து உங்க பேரை அடிச்சாச்சு,” என்றார்.

மேஸ்திரி நாற்பது வருடம் சுவர் எழுப்பியவர். அவர் மனைவியின் அண்ணனான இந்த மச்சான், அந்தச் சுவர்களை எல்லாம் சோதித்துப் பார்த்த நகராட்சிக் கட்டட ஆய்வாளர். இருவரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். சோதனை மட்டும் ஓய்வு பெறவில்லை. ஓய்வு பெற்றோர் சங்கத்துக்கு மச்சான்தான் தலைவர். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கூட்டத்தில் யார் பத்து நிமிடம் பேசலாம் என்பது அவர் பேனா முனையில் இருந்தது. ஆறு வருடமாக அந்தப் பேனா மேஸ்திரியின் பெயரை அடித்துக்கொண்டே வந்தது. போன வருடம், தான் கட்டிய சுவரில் மோதிய லாரி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனது என்று பேசுவதாக இருந்தார்.

இந்த முறை அவர் சொன்னது உண்மை. அதுதான் சங்கடம். உண்மை சொல்லிப் பழக்கமில்லாததால், அதையும் பொய் சொல்லும் குரலிலேயே சொல்லிவிட்டார்.

ஊர் ஓரத்து ஓடையில் காலைநடையின்போது செருப்பைக் கழுவக் குனிந்தவர், ஒரு மணல் குழாய் தானாக நடந்துபோவதைப் பார்த்தார். அரை அங்குல நீளம். முன்பக்கம் ஒரு தலையும் ஆறு கால்களும் நீட்டிக்கொண்டிருந்தன. காடிஸ் என்ற ஈயின் புழு அது என்று நூலகத்து அம்மாள் புத்தகம் எடுத்துக் காட்டினார். வாயிலிருந்து பட்டிழை விட்டு, மணலை ஒவ்வொன்றாக ஒட்டித் தன்னைச் சுற்றிக் குழாய் கட்டிக்கொள்ளுமாம். வளர வளர முன்பக்கத்தில் நீட்டிக்கொள்ளுமாம். தண்ணீருக்குள்ளேயே ஒட்டும் பசை! மேஸ்திரி புத்தகத்தை மூடிவிட்டு, தன் வாழ்நாளில் தண்ணீர் ஒழுகிய அத்தனை மாடிகளையும் நினைத்துக்கொண்டே ஓடைக்குத் திரும்பிப் போய், பன்னிரண்டு பேரை வாளியில் அழைத்துவந்தார்.

“கண்ணால பார்த்தா ஒத்துக்குவீங்களா?” என்று இப்போது கேட்டார்.

“கண்ணால பார்த்தாத்தான் கையெழுத்து. நாளைக்கு வர்றேன்,” என்று மச்சான் போனை வைத்தார்.

மேஸ்திரி துள்ளிக் குதித்துக் குளியலறைக்குப் போனார். தொட்டியில் பன்னிரண்டு பேரும் வேலைநிறுத்தம் செய்தவர்கள்போலக் கிடந்தார்கள்.

“ஓடுற தண்ணியில இருந்ததுங்க. தேங்கின தண்ணியில போட்டா மூச்சு முட்டாதா?” என்றாள் மனைவி, வாசலில் துண்டோடு நின்று.

குழாயைத் திறந்துவிட்டார். புழுக்கள் தலையை நீட்டின. மேஸ்திரி பெருமையில் அரை மணி நேரம் மெய்ம்மறந்தார். மாடிவீட்டுத் தையல்காரர் தலை முதல் கால் வரை சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு கதவைத் தட்டும்வரை, மொட்டைமாடித் தொட்டி காலியானது அவருக்குத் தெரியாது.

“கண்ணு எரியுது மேஸ்திரி!”

“ஒரு வாளி தர்றேன். உள்ள வாங்க, வந்து இதைப் பாருங்க!”

“கண்ணைத் திறக்க முடிஞ்சாத்தானே பாக்குறதுக்கு!”

குழாயை மூடிவிட்டு, வளர்ப்பு மீன் விற்கும் கடையிலிருந்து சின்ன மோட்டார் ஒன்று வாங்கிவந்து, இருந்த தண்ணீரையே சுற்றவைத்தார். அது சின்ன மோட்டார் என்று கடைக்காரர் சொன்னதுதான். போட்டதும் தொட்டியில் புயல் அடித்தது. பன்னிரண்டு வீடுகளும் வடிகால் ஓட்டையை நோக்கி ஊர்வலமாகப் போயின. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஓட்டையை அடைத்தார். கைக்குக் கிடைத்தது டீ வடிகட்டி.

“என்னங்க, வடிகட்டி எங்கே?”

“பாதுகாப்புப் பணியில இருக்கு.”

மோட்டார் சூட்டில் தண்ணீர் வெதுவெதுப்பானது. புழுவுக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று புத்தகம் சொன்னதால் ஐஸ் கட்டிகளைக் கொட்டினார். பன்னிரண்டு பேரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தாத குறையாக ஒடுங்கிக்கொண்டார்கள். மறுநாள் புதன்கிழமை காலை மச்சான் வந்தபோதும் ஒருவரும் வெளியே வரவில்லை.

மச்சான் பழைய பழக்கத்தில் சுவர் மட்டம் பார்க்கும் ரசமட்டமும் குறிப்பேடும் கொண்டுவந்திருந்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஆளைக் காணோம்.”

“உள்ள இருக்காங்க மச்சான்.”

“இது மண்ணு. குளியல் தொட்டியில மண்ணு. எழுதிக்கிறேன்.” எழுதிக்கொண்டார். “அப்புறம் இந்த ஐஸ் எதுக்கு? கொத்தனாருக்குக் காய்ச்சலா?”

போகும்போது தங்கையைத் தனியாக அழைத்து, “மாப்பிள்ளைக்கு உடம்பு சரியாத்தானே இருக்கு?” என்று கேட்டார். அது மேஸ்திரியின் காதில் விழும்படிதான் கேட்டார்.

அவ்வளவுதான். இனி இது கூட்டத்தில் பேசும் விஷயம் இல்லை, மானப் பிரச்சினை. புது வீடு கட்டிக் காட்டினால் யாரும் மண் என்று சொல்ல முடியாது என்று மேஸ்திரி முடிவு செய்தார். ஒரு புல் தண்டால் பின்பக்கம் மெல்லத் தள்ளி, ஒரு புழுவை அதன் வீட்டிலிருந்து வெளியேற்றினார். வெளியே வந்தது வெள்ளை உடம்போடு கூசிப்போய் நின்றது. அதற்கு நிறம் நிறமாகச் சாமான் கொடுக்க வேண்டுமே! குளியலறைச் சுவரிலிருந்து நீல ஓடு ஒன்றைப் பெயர்த்துச் சுத்தியலால் பொடித்தார். நீலம் மட்டும் போதாது என்று தோன்றவே வெள்ளையிலும் ஒன்றைப் பெயர்த்தார்.

“நீங்களே ஒட்டின ஓடுங்க அது!” என்றாள் மனைவி.

“நல்லா ஒட்டியிருக்கேன் பாரு. பெயர்க்க ஒரு மணி நேரம் ஆச்சு.”

புழு முதலில் அவசர அவசரமாக ஒரு கூரை போட்டுக்கொண்டது, மழைக்கு ஒதுங்குகிறவன்போல. பிறகு நிதானமாக ஆரம்பித்தது. ஒரு துணுக்கை எடுக்கும், முன்கால்களால் திருப்பிப் பார்க்கும், பொருந்தாவிட்டால் போட்டுவிடும். பொருந்தினால் ஒட்டும். வியாழக்கிழமை மதியத்துக்குள் நீலமும் வெள்ளையுமாக ஒரு வீடு எழும்பிவிட்டது. இடுக்கில் ஒரு மயிரிழை நுழையாது. மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது வருடத்தில் தன் சீடர்களில் ஒருவனுக்கும் இந்த நேர்த்தி கைவரவில்லை என்று அதனிடமே சொன்னார்.

மச்சான் வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் புருவம் உயர்ந்தது.

“இது நீங்க கட்டினது,” என்றார் மச்சான்.

“என்னது!”

“ஓடு உங்க வீட்டு ஓடு. வேலை தெரிஞ்ச கை. புழுவுக்கு ஏது கை? நீங்கதான் கோந்து வச்சு ஒட்டியிருக்கீங்க.”

மேஸ்திரிக்கு வாழ்க்கையிலேயே பெரிய சோதனை அது. நாற்பது வருடமாக இந்த மனிதரின் வாயிலிருந்து ஒரு பாராட்டு வராதா என்று ஏங்கியவர். இன்று வந்துவிட்டது. அதை ஏற்றுக்கொண்டால் புழுவுக்குத் துரோகம்.

பெருமூச்சு விட்டார். “மச்சான், என் கையால இவ்வளவு சுத்தமா வராது.”

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அவர் மனைவி நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் கேட்டிராத வாக்கியம் அது.

மச்சானும் கொஞ்சம் ஆடித்தான் போனார். ஆனாலும், “என் முன்னாடி கட்டட்டும். நாளைக்கு வர்றேன்,” என்று எழுந்தார்.

வெள்ளிக்கிழமை, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் மச்சான் உட்கார்ந்தார். மேஸ்திரி இன்னொரு புழுவை வெளியேற்றினார். அது ஒரு துணுக்கை எடுத்தது, திருப்பியது, எறிந்தது. இன்னொன்றை எடுத்தது, எறிந்தது. பதினோரு துணுக்கு எறிந்தது.

“என்ன, எதுவுமே புடிக்கலையா இதுக்கு?” என்றார் மச்சான்.

“இது கொத்தனார் இல்ல மச்சான். ஆய்வாளர்.”

மச்சான் விருட்டென்று எழுந்தார். அந்த வேகத்தில் வாளி உருண்டு தொட்டியில் விழுந்து, தண்ணீர் கலங்கி, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. “பார்க்கல. அதனால நடக்கல. பட்டியலை நாளைக்கு ஒட்டிடுவோம்,” என்று ஈரக் கால்சட்டையோடு நடந்தார்.

அதற்குமேல் மனைவியும் பொறுக்கவில்லை. ஐந்து நாளாகச் சமையலறைத் தொட்டியில் தலை அலசியவள். “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இதுங்க ஓடைக்குப் போகணும். இல்லேன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். அங்கேயாவது குளிக்கலாம்.”

சனிக்கிழமை மத்தியானம். மேஸ்திரி ஒவ்வொரு வீடாகக் கரண்டியில் எடுத்து வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நீல வீட்டுக்காரரை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். சாயங்காலக் கூட்டத்தில் பேசவேண்டியதை மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். ஆறு வருடத்தில் பொய்யே இல்லாத முதல் மூன்று பக்கம். அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நான்காக மடித்து, கிழிக்க மனமில்லாமல் மறுபடி பையில் வைத்தார்.

“போகட்டும் விடுங்க,” என்றாள் மனைவி. குரல் கொஞ்சம் இளகியிருந்தது. “நான் பார்த்தேன்ல. அது கட்டினதை நான் பார்த்தேன்.”

“நீ பார்த்து என்ன, உங்க அண்ணன் பார்க்கணுமே.”

கதவு தட்டப்பட்டது. மச்சானின் மனைவி நின்றாள். கையில் துண்டு, சோப்புப் பெட்டி, மாற்றுப் புடவை. முகத்தில் கோபம் கொதித்தது.

“அண்ணி! என்ன இது, இந்த நேரத்துல?” என்றாள் மேஸ்திரியின் மனைவி.

“ஒரு வாளி தண்ணி குடு, குளிச்சிட்டுப் போயிடுறேன்,” என்றாள் அவள். பிறகு மேஸ்திரியின் பக்கம் திரும்பினாள். “கேளுங்கண்ணா நியாயத்தை. புதன்கிழமை ஓடைக்குப் போய்க் கால்சட்டையை முழங்காலுக்கு மடிச்சுவிட்டு எதையோ அள்ளிட்டு வந்தாரு உங்க மச்சான். அன்னையிலேர்ந்து எங்க வீட்டுக் குளியலறையைப் பூட்டிச் சாவியை இடுப்புல முடிஞ்சு வச்சிருக்காரு. நேத்து என் கண்ணாடி வளையல் நாலைக் காணோம். சாவித்துவாரம் வழியா பார்த்தா, அதைப் பொடிச்சு ஒவ்வொரு துணுக்கா தொட்டியில போட்டு, ‘சபாஷ், சபாஷ்’னு கைதட்டிக்கிட்டு இருக்காரு!”

அவள் பின்னால், படியின் கீழே, மச்சான் நின்றிருந்தார். கையில் சங்கத்துப் பட்டியல். மேஸ்திரியின் பெயர் மறுபடி எழுதப்பட்டு, அடியில் கையெழுத்தும் இருந்தது. அவர் தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் மேஸ்திரியைப் பார்த்தார்.

“கட்டுது மாப்பிள்ளை. நிஜமாத்தான் கட்டுது. என்னோடதுல ஒண்ணு, சத்தியமா சொல்றேன், ஜன்னல் வச்சுக் கட்டுது.”